அறை வெப்பநிலை என்றால் எந்த ஊர் அறை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் சமையல் பக்கத்தை இருபது வருடத்துக்கு மேலாக வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறவள் நான். இப்போது ஓடுவது நான்காவது நோட்டு. வத்தக்குழம்பு, வாழைப்பூ வடை, மைசூர்பாகு என்று அதில் பார்த்துச் செய்த எதுவும் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. ஆனால் பேக்கிங் குறிப்புகள் மட்டும் அப்படி இல்லை. கேக், பிஸ்கட், பார் என்று எது வந்தாலும் பாதிக்குப் பாதி சொதப்புகிறது, என் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவில் முயன்று பார்த்த மற்ற வீடுகளிலும்தான். ஏன் என்று இந்த வருடம்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது, அதனால் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் பழம் வைத்த ஓட்ஸ் பார் குறிப்பு ஒன்று போட்டிருந்தீர்கள். ஓட்ஸும் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசறிப் பாதியைத் தட்டில் அமுக்கி, நடுவில் பழக்கூழ் பரப்பி, மீதியை மேலே தூவி, ஓவனில் வைத்து எடுத்துச் சதுரமாக வெட்டுவது. நல்ல பண்டம். கனடாவில் நடுவே பேரீச்சம்பழம் வைத்து இதைச் செய்கிறார்கள், அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் இதற்கு மேட்ரிமோனியல் கேக் என்றே பெயர், அதாவது கல்யாண கேக். என் மகள் இங்கே வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் ஒரு வாரம் நைட் டியூட்டி வரும். விடியற்காலை மூன்று மணிக்குப் பசிக்கும்போது டீயும் கிரீம் பிஸ்கட்டும்தான் கிடைக்கிறது என்று சொல்வாள். பையில் போட்டுக் கொண்டுபோய் ஒரு கையால் நின்றபடியே தின்னக்கூடியதாக ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் குறிப்பு வந்தது, அன்று மாலையே செய்தேன்.

ஓட்ஸ் இரண்டு கப், மைதா ஒரு கப், வெண்ணெய் ஒரு கப், சர்க்கரை ஒரு கப், பழ ஜாம் தேவைக்கேற்ப, மிதமான சூட்டில் பொன்னிறமாகும் வரை பேக் செய்து அறை வெப்பநிலையில் ஆறவிட்டு வெட்டவும். இவ்வளவுதான் குறிப்பு. நான் அப்படியே செய்தேன். அடிப்பக்கம் அல்வா மாதிரி கொழகொழவென்று இருந்தது, மேல்பக்கம் கருகிவிட்டது, கத்தியை வைத்ததும் எல்லாம் சரிந்து ஒரு குவியலாகிப் போனது. அரைக் கிலோ வெண்ணெய்ப் பாக்கெட்டில் பாதிக்கு மேல் அதில் போயிருந்தது. மகள் ஸ்பூனால் எடுத்துத் தின்றுவிட்டு, "ருசியாத்தான்மா இருக்கு" என்றாள். ருசி சரி, பையில் எப்படிக் கொண்டுபோவாள்?

முதலில் இந்தக் கப் விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கப்? எங்கள் வீட்டில் காபி டம்ளர் ஒன்று, டீ கப் ஒன்று, அத்தை காலத்து ஆழாக்கு ஒன்று இருக்கிறது. ஆழாக்கு என்பது 168 மில்லி. பேக்கிங் குறிப்புகளில் சொல்லும் கப் 240 மில்லி. எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் விகிதம் சரியாகத்தானே வரும் என்று கேட்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். வெண்ணெயை எப்படி டம்ளரால் அளப்பது? உருண்டையாகப் போட்டால் நடுவில் காற்று நிற்கும், அமுக்கிப் போட்டால் கால் பங்கு கூடிவிடும். நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. மைதாவை சலித்து அள்ளினால் ஒரு எடை, பாக்கெட்டிலிருந்து அழுத்தி அள்ளினால் இன்னொரு எடை. போதாக்குறைக்கு டம்ளர் சிறுத்தால் மொத்த அளவும் சிறுத்துவிடும், ஆனால் தட்டு அதே தட்டு, அப்போது பார் அப்பளம் போல மெலிந்து சீக்கிரம் கருகுகிறது. உங்கள் குறிப்பில் தட்டின் அளவு எங்குமே இல்லை.

சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் மாவு கலந்து, அதைப் பெரிய பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு தெருமுனை பேக்கரிக்குப் போய் அங்கே அடுப்பில் வைத்துச் சுட்டு வாங்கி வருவார். நானும் பின்னாலேயே போவேன். ஒரு வருடம் கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது. பேக்கரி மாஸ்டர் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னாம்மா, டம்ளர்லயா அளந்தே?" என்பதுதான். அவர் முட்டையைக்கூட உடைத்து தராசில் நிறுத்துத்தான் போடுவார். குழம்பில் உப்பு குறைந்தால் கொதிக்கும்போது போட்டுக்கொள்ளலாம், புளி கூடினால் கொஞ்சம் வெல்லம் கிள்ளிப் போடலாம், கைப்பக்குவம் என்று நாம் சொல்வது எல்லாம் நடுவில் ருசி பார்த்துத் திருத்துகிற அந்த வசதியால் வருவது. ஓவன் கதவைச் சாத்திய பிறகு அந்த வசதி கிடையாது. நாற்பது வருடத்துக்கு முன் அந்த மாஸ்டர் கேட்டது எனக்கு இந்த ஓட்ஸ் பார் சரிந்த அன்றுதான் நினைவுக்கு வந்தது, மறுநாள் பஜாருக்குப் போய் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை இதையே செய்து பார்த்தேன். எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு எனக்குச் சரியாக வந்த அளவு: ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவோ மைதாவோ 150 கிராம், வெண்ணெய் 130 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், கால் டீஸ்பூன் சமையல் சோடா, நடுவில் கெட்டியான பழக்கூழ் 300 கிராமிலிருந்து 350 வரை. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம், உப்பில்லாத சமையல் வெண்ணெய் என்றால் கால் டீஸ்பூன். பதினாறு துண்டு வரும்.

ஓட்ஸிலும் ரகம் சொல்ல வேண்டும், ஐயா. வேலூரில் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கையில் கிடைப்பது மூன்றே நிமிடத்தில் கஞ்சியாகிற ரகம், அது சின்னதாக வெட்டி மெல்லிசாகத் தட்டியது, அதனால் பழத்தின் ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் குழைந்துவிடும். முழுசாகத் தட்டையாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ் கடிக்கப் பதமாக நிற்கும், ஆனால் அதை மட்டும் போட்டால் துண்டு சிதறுகிறது. எனக்கு இரண்டும் பாதிப் பாதி போட்டபோதுதான் ஒட்டவும் செய்தது, கடிக்கவும் இருந்தது. தட்டாமல் நறுக்கிய ஸ்டீல் கட் ரகத்தை யாராவது போட்டால் அரை மணி ஓவன் சூட்டில் வேகாது, பல்லுக்குக் கல் மாதிரி இருக்கும். எந்த ஓட்ஸாக இருந்தாலும் வாணலியில் நான்கு நிமிடம் வெறுமனே வறுத்து ஆறவைத்துப் போட்டால் வாசனையே வேறு. ரவையை வறுக்காமல் நாம் உப்புமா கிளறுவோமா?

இப்போது தலைப்பில் எழுதியதற்கு வருகிறேன், எனக்கு இதுதான் பெரிய விஷயம். வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும், பார் அறை வெப்பநிலையில் ஆறட்டும் என்று எல்லாக் குறிப்பிலும் வருகிறது. இந்தக் குறிப்புகள் பிறந்த ஊர்களில் அறை வெப்பநிலை என்றால் 20, 22 டிகிரி. எங்கள் வேலூர் எப்படி என்று உங்களுக்குத் தெரியாதது அல்ல. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும், நாலு பக்கமும் பாறை மலை வேறு, பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்க அது வீசிக்கொண்டே இருக்கும். ஓவனும் அடுப்பும் எரிகிற சமையலறை 36, 37 டிகிரிக்குக் குறையாது. வெண்ணெய் 32லிருந்து 35 டிகிரிக்குள் உருகிவிடும். அப்படியென்றால் எங்கள் அறை வெப்பநிலையில் வெண்ணெய் என்பது எண்ணெய்தான்! உருகிய வெண்ணெயில் மாவைப் பிசறினால் அது பொலபொலவென்று வராது, களியாகிவிடும், ஓவனுக்குள் போனதும் வெண்ணெய் ஓரமாக வழிந்து வெளியே வரும். வெந்த பிறகும் அதே கதை. ஆறும்போது வெண்ணெய் இறுகித்தான் துண்டைப் பிடித்து நிறுத்த வேண்டும், நம் சமையலறையில் அது இறுகவே இறுகாது, எத்தனை மணி நேரம் வெளியே வைத்தாலும். நான் முதல் தடவை இரண்டு மணி நேரம் பொறுத்துத்தான் வெட்டினேன், அப்படியும் சரிந்தது, ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

இங்கே செய்ய வேண்டியது என்னவென்றால், விடியற்காலை ஐந்தரைக்கு, வெயில் ஏறுவதற்குள், ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, விரல் நுனியால் மட்டும் மாவோடு தேய்க்க வேண்டும். உள்ளங்கை படக்கூடாது, உள்ளங்கைச் சூடே போதும் அதை உருக்க. தேங்காய்ப் பூ போல உதிரியாக வந்ததும் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் இருபது நிமிடம் வைத்துவிட்டு, அப்புறம்தான் தட்டில் அமுக்க வேண்டும். வெந்து வெளியே எடுத்ததும் ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில், பிறகு ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம். அப்படியே வைத்து வெட்டினால் செங்கல் மாதிரி நேராக வெட்டுப்படும். இந்த இரண்டு வரி உங்கள் குறிப்பில் இருந்திருந்தால் எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை மிச்சம். மார்கழியில் செய்கிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை, பனி இறங்குகிற அந்த மாதம் ஃபேன் காற்றே போதும்.

சிலர் வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்று கேட்கிறார்கள். வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பங்கு தண்ணீர், அந்தத் தண்ணீர்தான் மாவை ஒட்டவைக்கிறது. நெய்யில் அது இல்லை. அதனால் நெய் என்றால் 105 கிராம் போட்டு இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்துப் பிசற வேண்டும். மணம் அருமையாக இருக்கும், என் மாமியாருக்கு அதுதான் பிடிக்கிறது.

மிதமான சூடு என்பதும் இப்படித்தான். 180 டிகிரி, நடுத் தட்டில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 35 நிமிடம். வீடுகளில் இருக்கிற ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன்களில் பல திருகில் ஒரு எண்ணும் உள்ளே வேறு சூடுமாக இருக்கின்றன. எங்கள் ஓடிஜியில் 180 என்று திருப்பினால் உள்ளே 200 காட்டியது, உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இப்போது 160இல் வைக்கிறேன். முன்கூட்டிச் சூடேற்றுவதையும் சேர்த்து ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஓவன் இல்லாதவர்கள் கனமான வாணலியில் மணல் பரப்பி, ஸ்டாண்டு போட்டு, பத்து நிமிடம் சூடாக்கி, தட்டை வைத்து மூடி, சிறு தீயில் ஐம்பது நிமிடம் விட்டால் வெந்துவிடும். மேலே பொன்னிறம் வராது, அதற்காகக் காத்திருந்தால் அடி கருகும். ஓட்ஸை முன்பே நன்றாக வறுத்துவிட்டால் நிறக்குறை தெரியாது.

பழத்துக்கு வருவோம். ஜாம் பாட்டில் வாங்கிப் போடச் சொல்லியிருந்தீர்கள், நம் ஊரில் இத்தனை பழம் இருக்கும்போது அது வேண்டுமா? முதலில் நன்றாக வந்தது பேரீச்சம்பழம், நோன்பு மாதத்தில் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற நேரத்தில் செய்தேன். விதையில்லாதது 250 கிராம், தண்ணீர் 150 மில்லி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, பத்து நிமிடம் கிளறி மசித்தால் போதும், சர்க்கரையே வேண்டாம். கொய்யா அதைவிட எளிது, கூழை இறுகவைக்கிற பெக்டின் அதில் நிறைய இருப்பதால் தானாக இறுகும், விதையை மட்டும் வடிகட்ட வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து மாங்காய் சீசனில் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழம்தான் இதற்கு ஏற்றது, புளிப்பு இருக்கிறது. பங்கனப்பள்ளி சும்மா தின்னத்தான் அழகு, கூழாக்கினால் வெறும் தித்திப்பு, எலுமிச்சை பிழிந்தால்தான் எடுபடுகிறது. ஏலகிரிப் பலாச்சுளையைப் பொடியாக நறுக்கி வெல்லத்தில் சுண்டவைத்தேன், ருசி அபாரம், ஆனால் நார் கத்தியில் சிக்கி இழுக்கிறது. அன்னாசியில் தண்ணீர் அதிகம், 500 கிராம் நறுக்கிப் போட்டால் 300 கிராமாகச் சுண்டும் வரை அடுப்பிலிருந்து இறக்கக்கூடாது. பதம் தெரிய வேண்டுமானால் கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுங்கள், அந்தக் கோடு மூடாமல் அப்படியே நின்றால் சரி, உடனே மூடிக்கொண்டால் இன்னும் கிளறணும். இந்தப் பதம் தப்பினால்தான் அடிப்பக்கம் அல்வாவாகிறது.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், சீத்தாப்பழத்தை வைக்காதீர்கள். அமிர்தி பக்கம் ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து கூடையில் கொண்டுவந்து விற்கிற பழம், தேன் மாதிரி இருந்தது, இரண்டு கிலோ வாங்கி, விதை நீக்க ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தேன். அடுப்பில் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் கசந்துவிட்டது. பழம் கெட்டுப்போனதோ என்று நினைத்தேன், பிறகு விசாரித்தால் அந்தப் பழத்தின் குணமே அதுதான், சூடு பட்டால் கசக்கும். அதனால்தான் சீத்தாப்பழத்தை ஐஸ்கிரீமில் போடுகிறார்கள், ஜாம் அவ்வளவாகப் போடுவதில்லை.

அடுத்தது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் குறிப்புக்கு மேலே, சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம், கொலஸ்ட்ரால் கரையும் என்று எழுதியிருந்தீர்கள். என் மாமியாருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அவர் அந்த வரியைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "எனக்கும் ரெண்டு எடுத்து வைம்மா" என்றார். ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருப்பது உண்மை. தினம் 3 கிராம் அளவுக்கு அது உள்ளே போனால் இதய நோய் அபாயம் குறைய உதவும் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதி கொடுத்தது, அதுவும் நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த சாப்பாட்டோடு சேர்த்து. அந்த 3 கிராமுக்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். நம் தட்டில் இருப்பது 150 கிராம், பதினாறு துண்டு. கணக்குப் போட்டால் எட்டுத் துண்டு தின்றால்தான் அந்த நார்ச்சத்து. பேரீச்சம்பழம் வைத்த ஒரு துண்டில் நாட்டுச் சர்க்கரையும் பழச் சர்க்கரையும் சேர்ந்து 15 கிராமுக்குக் குறையாது, வெண்ணெய் 8 கிராம். எட்டுத் துண்டுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நாட்டுச் சர்க்கரை போட்டுவிட்டால் சர்க்கரை நோய்க்கு ஆகும் என்பதும் சரியில்லை, இரத்தத்தில் போய் அது செய்கிற வேலை ஒன்றுதான். இது ஒரு நல்ல இனிப்பு, மைதா பிஸ்கட்டைவிடப் பசி தாங்கும், அவ்வளவு சொன்னால் போதுமே. உங்கள் பேப்பரில் வந்தால் அது உண்மை என்று நம்புகிற பெரியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். மாமியாருக்கு நான் மதியச் சாப்பாட்டில் கொஞ்சம் சோற்றைக் குறைத்துக்கொண்டு அரைத் துண்டு கொடுக்கிறேன், அதுவும் அவருடைய டாக்டரைக் கேட்டு.

எத்தனை நாள் வைக்கலாம் என்பதும் எழுத வேண்டும். இங்கே வெயில் காலத்தில் வெளியே ஒரு நாள், பேரீச்சம்பழம் என்றால் இரண்டு நாள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். புரட்டாசி, ஐப்பசி மழையில் வெளியே வைத்த அன்னாசித் துண்டில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்துவிட்டது, முழு டப்பாவையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. மகளுக்கு இப்போது நான் இரண்டிரண்டாகப் பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன், ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டிக்குப் போகும்போது எடுத்துப் பையில் போட்டால் மூன்று மணிக்குத் தின்னப் பதமாக இருக்கிறது. அவள் கூட வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் எங்களுக்கும் அளவு எழுதித் தாங்க ஆன்ட்டி என்று கேட்டார்கள், கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்தேன், முதல் தடவையே சரியாக வந்ததாகப் போட்டோ அனுப்பினார்கள்.

ஆகவே ஐயா, இனி பேக்கிங் குறிப்பு போடும்போது எடையைக் கிராமில், தட்டின் அளவை அங்குலத்தில், சூட்டை டிகிரியில், நேரத்தை நிமிடத்தில் போடுங்கள். இடம் போதாது என்றால் தட்டின் படத்தைச் சின்னதாக்கிக் கொள்ளலாம். எந்த ஓட்ஸ், எந்த வெண்ணெய் என்று எழுதுங்கள். குறிப்பு அனுப்புகிறவர்களிடம் எந்த மாதத்தில், எந்த ஊரில் செய்து பார்த்தீர்கள் என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள், ஊட்டியில் மார்கழியில் செய்ததும் வேலூரில் சித்திரையில் செய்வதும் ஒன்றாகாது. சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று ஏதாவது எழுதுவதற்கு முன்னால் ஒரு உணவியல் நிபுணரிடம் காட்டிவிடுங்கள். நான் மேலே கொடுத்த அளவை நீங்கள் உங்கள் அலுவலகத்திலேயே யாரையாவது செய்து பார்க்கச் சொல்லிவிட்டு, சரியாக வந்தால், பழைய குறிப்புக்குத் திருத்தமாக வெளியிடலாம். அதை வெட்டி என் நோட்டில் பழையதன் மேலேயே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி,
வேலூர்.